1,000 டன் அபினை ஏன் எரிக்கவில்லை? கடலிடம் மன்னிப்புக் கேட்ட சீன அதிகாரி!

வணக்கம் நேயர்களே! ஆயிரம் டன்னுக்கும் மேல் அபின். பொட்டுகூட மிஞ்சாமல் அழிக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? கொளுத்திவிடலாம் என்கிறீர்களா? 1839-இல் சீன அதிகாரி லின் செசூ கொளுத்தவில்லை. அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1729-இலேயே யோங்செங் பேரரசர் அபின் விற்பனையைத் தடை செய்தார். பிறகும் தடைமேல் தடை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் அபினை ஏலம் விட்டது; வாங்கிய வணிகர்கள் அதைச் சீனக் கரையில் கள்ளத்தனமாக இறக்கினார்கள். அதற்கு விலையாகச் சீனாவின் வெள்ளி வெளியே போய்க்கொண்டே இருந்தது. தாவோகுவாங் பேரரசர் லின்னைத் தென்சீனத் துறைமுகமான குவாங்சோவுக்கு அனுப்பினார். லின் அந்நிய வணிகர்களை அவர்கள் குடியிருப்பிலேயே முடக்கிவைத்து, 20,000-க்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கறந்துவிட்டார்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். முன்பெல்லாம் அபினில் எண்ணெய் கலந்து எரிப்பார்கள். அது உருகி மண்ணில் இறங்கிவிடும். அந்த மண்ணைத் தோண்டிக் காய்ச்சினால் பத்தில் இரண்டு மூன்று பங்கு திரும்பக் கிடைத்துவிடுமாம்! இதை விசாரித்துத் தெரிந்துகொண்ட லின், குவாங்சோ அருகிலுள்ள ஹூமென் கடற்கரையில் பெரிய குழிகள் வெட்டச் சொன்னார். அடியில் கல் பாவி, பக்கங்களில் பலகை அடித்து, ஒரு சொட்டுகூட மண்ணுக்குள் போகாதபடி செய்தார். உப்புநீரை நிரப்பி, அபின் உருண்டைகளை வெட்டிப் போட்டு ஊறவைத்தார்கள். அப்புறம் சுண்ணாம்பைக் கொட்டியதும், அடுப்பே இல்லாமல் குழி முழுவதும் கொதித்தது. நாற்றத்தையும் புகையையும் சகித்துக்கொண்டு, குறுக்கே போட்ட பலகைகளில் நின்று ஆட்கள் கிளறினார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்துவிட்டார்கள். ஜூன் 3-இல் தொடங்கிய இந்த வேலை மூன்று வாரங்களுக்கு மேல் நடந்தது.

தொடங்குவதற்கு முன் லின் கடல் தெய்வத்துக்குப் பூசை செய்தார். நஞ்சைக் கலக்கப்போவதற்கு மன்னிப்புக் கேட்டு, மீன்களையும் மற்ற உயிர்களையும் சற்று ஒதுங்கியிருக்கச் சொல்லும்படி வேண்டிக்கொண்டார். எத்தனை வேலைக்கு நடுவே மீன்களை நினைத்திருக்கிறார் பாருங்கள்! இந்த ஒன்றுக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. சீனப் பேரரசரே லின்னைப் பதவியிறக்கி, சீனாவின் மேற்குக் கோடிக்குத் துரத்தினார். போரை முடித்துவைத்த 1842 நான்கிங் உடன்படிக்கையின்படி, தோற்ற சீனா கொடுத்த 2.1 கோடி டாலரில் 60 லட்சம், கரைத்த அபினுக்கான விலை! கள்ளச்சரக்குக்கு இழப்பீடு, இதைவிட அநியாயம் உண்டா? 1858-இல் அபினுக்கு வரி விதித்து, இறக்குமதியைச் சட்டபூர்வமாக்கவே நேர்ந்தது.

1906-இல் சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு பத்தாண்டுகளில் அபினை ஒழிப்பதாக மீண்டும் ஆணையிட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டனும் இந்திய ஏற்றுமதியை ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைக்கச் சம்மதித்தது. விற்பவன் கையையும் கட்டியதால்தான் இந்த முயற்சிக்குப் பலம் வந்தது என்பது என் கருத்து. உங்கள் கருத்து என்ன? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.