மரத்தின் நாரை அறிந்த கை

நடுவர் அவர்களே, கடற்கரைக் காற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் திருகோணமலைச் சபையோரே, வணக்கம்.

பொழுதுபோக்காக மரம் கடைபவருக்கு நகலெடுக்கும் கருவி வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. வேண்டாம் என்பது என் கட்சி. அது ஒரு வரம் என்றார் எதிரணித் தங்கை. மாதிரிக் கால் ஒன்றைப் பொருத்தினால் போதும், ஊசி அதன் வளைவுகளைத் தடவிக்கொண்டு போகும், அதோடு பிணைத்த வெட்டும் அலகு அடுத்த கட்டையில் அதே உருவத்தை எடுக்கும், கதிரைக்கு நான்கு காலும் அச்சாக வரும் என்றார். உண்மைதான். மாடிப்படிக்கு அறுபது தூண் கடைந்து பிழைக்கிற பட்டறைக்காரர் அதைத் தாராளமாக வாங்கட்டும்.

ஆனால் தலைப்பில் பொழுதுபோக்கு என்ற சொல் இருக்கிறதே! வேலை முடிந்து வந்து, மாலையில், கட்டையைச் சுழற்றும் லேத்தின் முன் ஒருவர் எதற்காக நிற்கிறார்? கடைவதற்காக. அந்தக் கடைசலையே கருவியிடம் கொடுத்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது கைப்பிடியைத் தள்ளுவதும், அப்புறம் உப்புத்தாள் போடுவதும்தான்.

உப்புத்தாளைச் சும்மா சொல்லவில்லை. அந்தக் கருவியின் அலகு பெரும்பாலும் மரத்தைச் சுரண்டுகிறது, சீவுவதில்லை. சுரண்டினால் நார் கிழியும், பிசிறு எழும். முனை சாய்ந்த உளியைக் கையில் பிடித்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறக்கிப் பாருங்கள். சீவல் சுருள் சுருளாகப் பறக்கும், மரம் பளபளவென்று வரும். நார் பின்னிக் கிடக்கும் முதிரை மரத்தில் உளி திணறினால் கைக்கு உடனே தெரியும், கோணத்தை மாற்றிக்கொள்ளும். ஊசிக்கு மாதிரியின் வளைவு தெரியும். நார் தெரியாது.

சரி, கையால் கடைந்தால் நான்கும் ஒன்றுபோல் வருமா? வரும். ஒரு மரச்சட்டத்தில் மணிபோல் திரண்ட இடம் எங்கே, கழுத்துப்போல் ஒடுங்கும் இடம் எங்கே என்று கோடு கீறுங்கள். அதைக் கட்டையில் பதித்து, அந்தந்த இடத்தில் உளியை இறக்கி, லேத்தை நிறுத்தி இடுக்கிமானியால் அளந்து பாருங்கள். அரை மில்லிமீற்றர் பிசகலாம். கதிரையில் கால்கள் ஒன்றரை அடி தள்ளியல்லவா நிற்கின்றன, அந்தப் பிசகை எந்தக் கண் பிடிக்கும்?

நம் ஊர்ப் பெயரையே சுமந்த மரம் ஒன்று உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் அதைத் திருகோணமலை மரம் என்றே எழுதினார்கள், சாராயப் பீப்பாய் செய்யப் பேர்போன மரம். வீட்டில் கழற்றிய பழைய ஜன்னல் சட்டம் அந்த மரம்தான். அதில் முக்காலிக்கு மூன்று கால் கடைந்தேன். முதல் காலுக்கு இரண்டு மாலை போனது. மூன்றாவதை முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். கருவி வைத்திருந்தால் அந்தக் கை எனக்கு வந்திருக்காது.

அதில் ஒரு காலைக் கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பது அதே சட்டத்தில் நண்பர் ஒருவர் கருவியில் எடுத்துத் தந்தது. இரண்டுக்கும் உப்புத்தாள் போடவில்லை. நடுவர் அவர்களே, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள்.