பாப்பாவோட பாஸ்போர்ட் வந்தாச்சு, ஆனா குடியுரிமை சர்டிபிகேட் இன்னும் திரும்பி வரல!

வணக்கம் மக்களே! இன்னிக்கு லைட்டும் இல்ல, தலையும் வாரல. கிச்சன் மேடையில சாம்பார் பொடி டப்பா மேல போனைச் சாய்ச்சு வச்சுட்டுப் பேசுறேன். தபால்ல என்ன வந்திருக்கு பாருங்க. இந்தியாவுல தத்தெடுத்து இங்க அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வந்த நம்ம பாப்பாவோட அமெரிக்கப் பாஸ்போர்ட்! உள்பக்கம் காட்டமாட்டேன், நம்ம சேனல் சட்டம் உங்களுக்கே தெரியும்.

இதுக்காக நான் கொடுத்த போட்டோ கதையை முதல்ல கேட்டுடுங்க, வயிறு எரியுது. ரெண்டு இஞ்சுக்கு ரெண்டு இஞ்ச், ரெண்டே ரெண்டு காப்பி, 17 டாலர் சொச்சம்! நம்ம ஊர்ல எட்டு காப்பியக் கவர்ல போட்டு நீட்டுவாங்க. அதுலயும் பாப்பா கண்ண மூடிட்டா, என் கை ஃப்ரேம்ல தெரிஞ்சுடுச்சு, மறுபடி எடு, மறுபடி எடு. கடைசில என் வீட்டுக்காரரு பின்னாடி நின்னு ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினாரு. அந்த முகம்தான் அஞ்சு வருஷத்துக்கு பாஸ்போர்ட்ல இருக்கப்போகுது.

அப்புறம் பணம் கட்டுறது. குழந்தைக்கு மொத்தம் 135 டாலர். ஆனா பாஸ்போர்ட்டுக்கு 100 டாலர் தனி, விண்ணப்பம் வாங்குற கவுண்டருக்கு 35 தனி. அந்த 100க்கு கார்டு செல்லாதாம், செக் இல்லன்னா மணி ஆர்டர். இந்தக் காலத்துல செக் புக்கை யாருங்க வச்சிருக்கா? துணி பீரோவுக்கு அடியில தேடி எடுத்தோம்.

சரி, விஷயத்துக்கு வரேன். போன வீடியோவுக்கு அப்புறம் நிறையப் பேரு "குடியுரிமை சர்டிபிகேட்டுக்கு என்-600 ஃபாரம் போடணுமே, 1,385 டாலர் ஆகுமே"ன்னு பயமுறுத்தினீங்க. இல்லங்க! இந்தியாவுலயே தத்து முழுசா முடிஞ்சு ஐஎச்-3 விசால வந்தா அந்த ஃபாரமே வேண்டாம். நம்ம பாப்பா அப்படித்தான் வந்தா, கலெக்டர் ஆர்டரோட. ஏர்போர்ட்ல உள்ள விட்ட நிமிஷமே அவ சிட்டிசன், 2000ல போட்ட சட்டம் அப்படி. குடியுரிமை சர்டிபிகேட்டையும் குடியேற்றத் துறையே வீட்டுக்கு அனுப்பிடும். வீடு மாத்தினா மட்டும் அட்ரஸை உடனே சொல்லிடுங்க. தத்தை இங்க வந்து முடிக்கிறதுக்கான ஐஎச்-4 விசால வந்தவங்களுக்குத்தான் வேற வழி. முதல்ல கிரீன் கார்டு, இங்க கோர்ட்டுல தத்து முடியணும், அப்புறம் என்-600. அதுலயும் தத்துக் குழந்தைகளுக்கு 2024 ஏப்ரல்லேர்ந்து கட்டணம் கிடையாது. யாராவது ஏஜெண்டு பீஸ்னு கேட்டா ரெண்டு தடவ யோசிங்க.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன். பாஸ்போர்ட் கவுண்டருக்குப் போகும்போது தத்து ஆர்டரையும் எடுத்துட்டுப் போங்க. சர்டிபிகேட்ல அப்பா அம்மா பேரே இருக்காது! 16 வயசுக்குக் கீழன்னா ரெண்டு பேருமே நேர்ல நிக்கணும், அவரு மீட்டிங்கை விட்டுட்டு வந்தாரு. இன்னொரு கூத்து, சர்டிபிகேட் ஒரிஜினலோட சேர்த்து ஜெராக்ஸும் கொடுன்னு கேக்குறாங்க. சட்டவிரோதமா நகல் எடுத்தா தண்டனைன்னு அந்த சர்டிபிகேட்லயே போட்டிருக்கு! இது முறையான தேவை, எடுக்கலாம்.

இப்ப என் டென்ஷன் என்னன்னா, பாஸ்போர்ட் வந்துடுச்சு, கவுண்டர்ல கொடுத்த அந்த சர்டிபிகேட் ஒரிஜினல் திரும்பி வரல. தனித் தனிக் கவராத்தான் அனுப்புவாங்களாம், நாலு வாரம் வரைக்கும் ஆகலாமாம். தொலைஞ்சா மறுபடி வாங்க என்-565ன்னு ஒரு ஃபாரம், அதுக்கு 500 டாலருக்கு மேல!

"பாஸ்போர்ட்தான் இருக்கே, சர்டிபிகேட் எதுக்கு"ன்னு சில பேரு. எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்கல. பாஸ்போர்ட் காலாவதியாகும், சர்டிபிகேட்டுக்குக் காலாவதியே இல்ல. ஆடம் கிராப்ஸர்னு ஒருத்தர், கொரியாவுலேர்ந்து மூணு வயசுல தத்து வந்தவரு. வளர்த்த யாரும் அவருக்குக் குடியுரிமை வாங்கித் தரல. அந்த 2000 சட்டமும் 2001 பிப்ரவரி 27ல 18 வயசு ஆகாதவங்களுக்குத்தான். இவரு வயசு தாண்டிட்டாரு. 2016ல நாடு கடத்திட்டாங்க. பெண்டாட்டி புள்ளையோட இங்க இருந்த மனுஷன்! இதுக்கப்புறமும் பேப்பர் எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்ல?

அடுத்த வேலை சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ். அவங்க தர்ற அடையாள நம்பர் வந்துருச்சு, ஆனா அவங்க ரெக்கார்டுல அவ இன்னும் வெளிநாட்டுக்காரி. நேர்ல போய் மாத்தணும், காசு இல்ல. அப்புறம் இந்தியப் பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணிட்டு ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்கான கார்டு. இந்தியாவுல ரெட்டைக் குடியுரிமை இல்லையே. அதைத் தனி வீடியோவா போடுறேன். இருங்க, பாப்பா எந்திரிச்சிட்டா. வரேன்.