ரம்பம் கொன்றது ஒருவனை

அவையோருக்கு வணக்கம்.

1974-இல் வெளிவந்த 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' படத்தைப் பார்த்தவர்களிடம், "ரம்பத்தால் எத்தனை பேர் சாகிறார்கள்?" என்று கேளுங்கள். நாலு, ஐந்து என்று விடை வரும். சரியான விடை ஒன்று. வேனில் வரும் ஐந்து இளைஞர்கள் ஒரு கொலைகாரக் குடும்பத்தின் கையில் சிக்கும் கதை இது. அவர்களில் கிர்க்கும் ஜெர்ரியும் சம்மட்டி அடியில் விழுகிறார்கள். பாம் என்ற பெண்ணைக் கறிக்கடைக் கொக்கியில் மாட்டி, பிறகு குளிர்பெட்டிக்குள் போட்டு மூடுகிறான் கொலைகாரன். ரம்பத்துக்குப் பலியாவது சக்கர நாற்காலியில் வரும் பிராங்க்ளின் மட்டும்தான். அதுவும் இருட்டில், ஒற்றை டார்ச் வெளிச்சத்தில் நடக்கிறது. ரம்பம் உடம்பில் எங்கே இறங்குகிறது என்று நம்மால் பார்க்க முடியாது. பல் சதையில் இறங்குவதை நெருக்கத்தில் காட்டும் இடம் கடைசியில் வருகிறது. அறுபடுவது கொலைகாரனின் சொந்தத் தொடை!

"ரத்த ஆறு", "வயிற்றைக் குமட்டும் வெட்டு குத்து" என்று ஐம்பது ஆண்டுகளாக இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லி வருகிறார்கள். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்ததாகவே நம்புகிறார்கள். திரையில் இல்லாத ஒன்றை இத்தனை பேர் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்தக் கொக்கி. பாமைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுகிறான். கொக்கியின் முனை முதுகில் நுழையும் காட்சி கிடையாது. அவள் முகம் தெரிகிறது, தலைக்கு மேலே எதையாவது பிடிக்கத் தவிக்கும் கைகள் தெரிகின்றன. அடுத்து, அவளுடைய கால்களுக்குக் கீழே தரையில் ஒரு தகரத் தொட்டி. அவ்வளவுதான். தொட்டி எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கறிக்கடைப் பக்கம் போன எவருக்கும் தெரியும். சொட்டப் போகும் ரத்தத்தை நம் மனமே ஊற்றி நிரப்பிவிடுகிறது. படமாக்கும்போது நடிகை டெரி மெக்மின் உடைக்குள் நைலான் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உடல் எடை முழுவதும் அந்தக் கயிற்றில்தான் இறங்கியது. அதனால் முகத்தில் தெரியும் வேதனையில் பாதி நடிப்பே இல்லை.

இயக்குநர் டோப் ஹூப்பர் ரத்தத்தைக் குறைத்ததற்கு ஒரு கணக்கு இருந்தது. ரத்தம் காட்டாவிட்டால், பெற்றோர் வழிகாட்டுதல் நல்லது என்ற அறிவுரையோடு சிறுவர்களையும் அனுமதிக்கும் பி.ஜி. சான்றிதழ் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்தது, பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாத ஆர். இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1975-இல் அங்குள்ள தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. எதையாவது வெட்டினால் அனுமதிக்கலாமா என்று பார்த்தார்கள். எதை வெட்டுவது? வெட்டுவதற்கென்று தனியாக ஒரு துண்டு இல்லை. படம் முழுவதும் பரவிக் கிடந்தது பயம். கத்தரிக்கோலுக்கு அது அகப்படவில்லை. கடைசியில் 1999-இல் ஒரு துண்டும் வெட்டாமல் பதினெட்டு வயதுச் சான்றிதழோடு அனுமதித்தார்கள். இந்தப் படத்துக்கு எழுதப்பட்ட மிக நேர்மையான விமர்சனம் அதுதான் என்பேன். எழுதியவர்களுக்கு அது விமர்சனம் என்று தெரியாது, அவ்வளவே.

அடுத்து, அடிக்கடி காதில் விழும் குறை: "முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை." முதல் கொலை ஏறத்தாழ 35-வது நிமிடத்தில் வருகிறது. படத்தின் மொத்த நீளமே 83 நிமிடம். ஆகவே கணக்கு சரி, தீர்ப்புதான் தவறு. அந்த அரை மணியில் வேனுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். இறைச்சிக்கூடத்தில் மாடுகளைச் சம்மட்டியால் அடித்துக் கொன்ற காலத்தைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது. வழியில் ஏறிக்கொண்ட ஆள், புதிதாக வந்த துப்பாக்கி நல்லதில்லை, பழைய முறைதான் நல்லது, புதியதால் ஆட்களுக்கு வேலை போயிற்று என்கிறான். பெட்ரோல் பங்கில் பெட்ரோல் இல்லை. இவையெல்லாம் வெறும் அரட்டை போலக் கடந்து போகின்றன.

பிறகு கிர்க் அந்த வீட்டுக்குள் நுழைகிறான். உள்ளே பன்றி உறுமுவது போல ஒரு சத்தம். சிவப்புச் சுவரில் விலங்குகளின் மண்டையோடுகள். வாசலில் தடுக்கித் தடுமாறுகிறான், எதிரே தோல்முகமூடி மாட்டிய ஆள் நிற்கிறான், தலையில் ஓர் அடி. கீழே விழுந்தவனின் கால்கள் உதறுகின்றன. இன்னோர் அடி. உடலை உள்ளே இழுத்துப் போட்டு இரும்புக் கதவை அறைந்து சாத்துகிறான். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. எச்சரிக்கை செய்ய இசை இல்லை, கொலைகாரன் வருவதை நமக்கு முன்கூட்டியே காட்டும் ஷாட்டும் இல்லை. கால்கள் ஏன் அப்படி உதறுகின்றன என்பதை வேனில் நடந்த பேச்சு முன்னாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டது. ஆளை மாடாகப் பார்க்க வைக்கும் வேலையைத்தான் அந்த "ஒன்றும் நடக்காத" அரை மணி நேரம் செய்தது. பின்னாளில் வந்த, ஒருவன் வரிசையாக ஆட்களைக் கொல்லும் ஸ்லாஷர் வகைப் படங்களில் கொலைகாரன் கண் வழியாகவே கேமரா ஊர்ந்து ஊர்ந்து போகும். இதில் அந்த உத்தியை நம்பிப் பிழைக்கவில்லை.

"ஏதோ ஆவணப்படம் போலக் கன்னாபின்னாவென்று எடுத்திருக்கிறார்கள்" என்பார் இன்னொருவர். இதில் பாதி உண்மை உண்டு. 1973 கோடையில், டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊருக்குப் பக்கத்தில், 16 மி.மீ. கேமராவில் எடுத்து, பிறகு 35-க்குப் பெரிதாக்கிய படம் இது. ஒளிப்பதிவாளர் டேனியல் பேர்ல் பயன்படுத்தியது 25 ஏ.எஸ்.ஏ. ஒளியுணர் வேகம் மட்டுமே கொண்ட பிலிம். வேகம் குறைந்த பிலிமில் மணல்புள்ளி பொடியாக இருக்கும். பெரிதாக்கினாலும் படம் உடைந்து போகாது. ஆனால் அதற்கு விளக்கு வெளிச்சத்தைக் கொட்ட வேண்டும். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கன்னாபின்னா என்பதற்கு ஒரே ஒரு ஷாட்டை மறுப்பாக வைக்கிறேன். பாம் ஊஞ்சலிலிருந்து எழுந்து வீட்டை நோக்கி நடக்கிறாள். கேமரா ஊஞ்சலுக்கு அடியில் நுழைந்து, தரையை ஒட்டி, அவள் முதுகைத் தொடர்ந்து போகிறது. அகன்ற லென்ஸ். அவள் நடக்க நடக்க வீடு மேலே மேலே எழும்பி வானத்தை விழுங்குகிறது. தண்டவாளம் போட்டு, லென்ஸைத் தேர்ந்து, உயரத்தை அளந்து எடுத்தால்தான் இது கிடைக்கும். 2003-இல் இதே கதையை மறுபடி எடுத்தபோதும் ஒளிப்பதிவு இதே டேனியல் பேர்ல்தான். அதில் ரத்தம் அதிகம், இருட்டு அதிகம், காசும் அதிகம். பயம்? இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், எது மறுநாளும் கூடவே வருகிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது விருந்துக் காட்சி. பிடிபட்ட சாலி என்ற பெண்ணைக் கட்டிப் போட்டு அந்தக் குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்காரும் இடம். பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிவது இங்கேதான். "தாங்கவில்லை, காது வலிக்கிறது, எப்போது முடியும்?" என்று ஒரு சாரார். இதுதான் உச்சம் என்று மறுசாரார். எடுத்தவர்களுக்கும் தாங்கவில்லை. தாத்தாவாக நடித்த ஜான் டூகனின் முக ஒப்பனைக்குப் பல மணி நேரம் பிடித்தது; அதை மறுபடி போட்டுக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதாயிற்று. 26 மணி நேரத்துக்கு மேல் படப்பிடிப்பு ஓடியது. இரவுக் காட்சியைப் பகலிலும் எடுக்க வேண்டியிருந்ததால் ஜன்னல்களைத் துணியால் மூடிவிட்டார்கள். காற்றோட்டம் இல்லை. வெளியே டெக்சாஸ் வெயில். உள்ளே, நான் சொன்ன அந்த மந்தமான பிலிமுக்காக எரியும் விளக்குகள். கலை இயக்குநர் ராபர்ட் பர்ன்ஸ் சேகரித்த எலும்புகளும் தோல்களும் நிஜமானவை. மேசை மேலிருந்த இறைச்சி விளக்குச் சூட்டில் அழுகியது. தோல்முகமூடிக் கொலைகாரன் லெதர்ஃபேஸாக நடித்த கன்னர் ஹான்சனுக்கு இருந்தது ஒரே ஒரு செட் உடை. துவைத்தால் சாயம் போய்விடும் என்று படப்பிடிப்பு முடியும்வரை துவைக்கவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிட விரும்பவில்லை என்பதில் என்ன ஆச்சரியம்?

சாலியின் விரலைக் கீறி ரத்தம் எடுக்கும் இடத்தில் கத்திக்குப் பின்னால் மறைத்திருந்த குழாய் வழியே போலி ரத்தம் வர வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது. பொறுமை இழந்த ஹான்சன், சாலியாக நடித்த மர்லின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே கீறிவிட்டார். இதைச் சாதனைபோலக் கொண்டாடும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழில்நுட்பம் தோற்ற இடம் அது. அந்த ஷாட் நன்றாக வந்ததற்குக் காரணம் விரல் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்கள்.

இந்தக் காட்சியில் பலர் தவறவிடுவது சிரிப்பை. அந்தக் குடும்பத்தின் சமையல்காரன் வீட்டுக்கு வந்ததும், ஒரு பெண்ணைக் கட்டிப் போட்டிருப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கதவை உடைத்துவிட்டானே என்றுதான் தம்பியைத் திட்டுகிறான். சம்மட்டி அடியில் வல்லவர் என்று பேரெடுத்த தாத்தாவின் கையில் சம்மட்டியைக் கொடுக்கிறார்கள், அது நழுவி நழுவித் தொட்டியில் விழுகிறது. வேனில் பேசிய அதே சம்மட்டி, அதே வேலை பறிபோன கதை. குடும்பத்தொழில் நசிந்த ஒரு வீட்டின் ராச்சாப்பாடு இது. ஹூப்பர் 1986-இல் இரண்டாம் பாகத்தை வெளிப்படையான நகைச்சுவையாக எடுத்தபோது முதல் படத்தின் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். முதலிலேயே சிரித்திருந்தால் அந்த அதிர்ச்சி வந்திருக்காது. ஒரு குறையை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன்: சாலியின் கண்ணை மிக நெருக்கத்தில் காட்டும் ஷாட்டுகள் தேவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகின்றன.

"உண்மைக் கதை" என்ற நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். படத் தொடக்கத்தில் 1973 ஆகஸ்ட் 18 என்று ஒரு தேதி வருகிறது. அந்தக் கோடையில்தான் படமே எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூண்டுதலாக இருந்த எட் கீன் 1957-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிடிபட்டவன். கல்லறைகளைத் தோண்டினான், தோலில் முகமூடி செய்தான், இரண்டு பெண்களைக் கொன்றான். அவன் கதையில் டெக்சாஸும் இல்லை, ரம்பமும் இல்லை, குடும்பமும் இல்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. 2014-இல் 16 மி.மீ. மூலத்திலிருந்தே புதுப்பித்த பிரதி இருக்கிறது, அதைத் தேடுங்கள். ஒலித்தடங்கள் பல இருந்தால், எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் மோனோவைத் தேர்ந்தெடுங்கள். படம் அப்படித்தான் வெளிவந்தது. ஹூப்பரும் வெயின் பெல்லும் சேர்ந்து செய்த ஒலி, மெட்டு இல்லாத உரசலும் இரைச்சலுமாக ஒரே திசையிலிருந்து நெருக்க வேண்டும், அறையின் நாலு மூலைக்கும் பிரிந்து ஓடக்கூடாது. எல்லோரும் செய்யும் தவறு, அலறலும் ரம்பமும் வரும்போது காது கூசுகிறது என்று சத்தத்தைக் குறைத்துவிடுவது. குறைத்தால் கிர்க்கும் பாமும் பெட்ரோல் தேடி அந்த வீட்டுப் பக்கம் போகும்போது பின்னால் ஓடும் ஜெனரேட்டர் கேட்காது. அந்த உறுமல் கேட்கும் அளவுக்கு முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடைசிவரை ரிமோட்டைத் தொடாதீர்கள்.