பிடுங்கிய குழியிலேயே புதுப் பல்லா?

நேயர்களுக்கு வணக்கம். "பல்லை எடுக்கிற அன்றைக்கே இம்பிளான்ட் வைத்துவிடலாமாமே, டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். இம்பிளான்ட் என்பது, பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் இறக்குகிற டைட்டானியம் திருகு. அன்றைக்கே வைக்கலாம்தான். ஆனால் பல் இருந்த குழி இடம்கொடுக்க வேண்டும்.

ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர், முயல் எலும்பில் பொருத்தியிருந்த டைட்டானியம் கருவியைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அதைக் கவ்விக்கொண்டு வளர்ந்திருந்தது. அந்தப் பிடிப்பை நம்பி 1965-ல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் வேர் வைத்தார். அவர் முறையில் அவசரமே கிடையாது. முதலில் குழி ஆற வேண்டும். வைத்த பிறகும் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் ஈறுக்குள் மூடியே கிடக்கும்.

இன்று ஏன் அவசரப்படுகிறோம்? ஒரே அறுவையில் வேலை முடிகிறது, நாளும் மிச்சம். ஆனால் ஒரு காரியம் செய்து பாருங்கள். மேல் உதட்டைத் தூக்கி, முன்பல்லுக்கு மேலே ஈறைத் தடவுங்கள். வேரின் மேடு விரலில் படும். வேருக்கு முன்னால் இருக்கும் அந்த எலும்புச் சுவர் பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது பல்லை நம்பி வாழ்கிற எலும்பு; பல் போனால் கரையும். உடனே இம்பிளான்ட் வைத்தால் கரையாது என்று நாங்களும் ஒரு காலத்தில் நம்பினோம். வைத்தாலும் கரைகிறது! அதனால்தான் இம்பிளான்டை அண்ணத்துப் பக்கம் சற்றுத் தள்ளி வைத்து, முன்னால் விழும் இடைவெளியில் எலும்புத் தூள் நிரப்புகிறோம்.

அப்புறம், பிடிமானம். குழி அகலம், திருகு ஒல்லி. வேர் நுனியைத் தாண்டி மூன்று நான்கு மில்லிமீட்டராவது புது எலும்பில் இறங்கினால்தான் ஆடாமல் நிற்கும். மேல் கடைவாயில் அதற்கு மேலே சைனஸ் என்கிற காற்றறை. அங்கே இறங்க இடமிருக்காது. இதையெல்லாம் ஸ்கேன் முன்கூட்டியே காட்டிவிடும். சீழ் கட்டிய பல், சிகரெட், கட்டுக்குள் வராத சர்க்கரை என்றால் நான் பெரும்பாலும் தள்ளித்தான் போடுவேன்.

அன்றைக்கே பல் மாட்டினாலும் அது தற்காலிகப் பல். சிரிக்கலாம், முறுக்கு கடிக்கக் கூடாது.

சில சமயம் பல்லை எடுத்த பிறகுதான் சுவர் உடைந்திருப்பது தெரியும். "ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்போம். நடுவில் கல்யாணம் காட்சி வந்தால்? கழற்றி மாட்டுகிற பல் ஒன்று செய்து கொடுத்துவிடுவோம். வணக்கம்.