குரல் உடைகிற வயதில்

நேயர்களுக்கு வணக்கம். தர்மபுரியில் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். பத்துப் பேரைச் சேர்த்து உட்கார வைக்கலாமே என்பார்கள். வைத்தால் பத்துப் பேருக்கும் ஒரே சுருதிதான் கிடைக்கும். சுருதி என்றால் பாட்டுக்கு அடிப்படையாக வைக்கிற ஸ்வர உயரம். பிள்ளையின் தொண்டைக்குத்தான் சுருதி வைக்கவேண்டும். இதை இன்றைக்கு இன்னொரு தடவையும் சொல்வேன்.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். அப்பா மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போகிறவர். பையன் ஒன்பது வயதில் சேர்ந்தான். 5 கட்டையில் மணி மாதிரி பாடுவான். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்; எண் கூடினால் சுருதி உயரும். பதிமூன்றாம் வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்வரங்களை இரண்டிரண்டாகப் பாடுகிற ஜண்டை வரிசை பாடும்போது மேல் ஸட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், குரல் கீறிக்கொண்டு நின்றது. அடுத்த இரண்டு வாரம் ஆளையே காணோம். அப்பா மட்டும் வந்தார். "சார், அவனுக்குக் குரல் போயிடுச்சாம். இனிமே பாட்டு வராதுன்னு அழுவுறான்" என்றார்.

குரல் போகவில்லை, வளர்கிறது என்று சொல்லி அழைத்துவரச் செய்தேன். அந்த வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நாண் நீண்டால் சுருதி இறங்கத்தானே செய்யும்? மிரட்டி மேலே பாட வைத்தால் தொண்டைதான் புண்ணாகும்.

முதலில் 3 கட்டைக்கு இறக்கினேன். மறுபடியும் ஆரம்பப் பாடமான சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகத்தில். பஞ்சமத்துக்கு, அதாவது 'ப'வுக்கு, மேலே போகக் கூடாது. குரல் நிற்காத நாளில் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையில் போட்டுக்கொண்டு ஸ்வரங்களை வாயால் சொன்னால் போதும். அப்புறம் மெதுவாக 1 கட்டை. சில மாதம் கழித்து ஒருநாள் கீழ்ப் பஞ்சமத்தைப் பிடித்து நிறுத்தினான். அதுவரை அவன் தொண்டையில் இல்லாத ஸ்வரம். பாட்டை நிறுத்திவிட்டு, "சார், இது நானா?" என்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டமாக உட்கார்ந்திருந்தால் அவனுக்காகக் கட்டையை இறக்கியிருக்க முடியுமா? அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், தொண்டைக்குத்தான் சுருதி. குரல் உடைகிற பிள்ளையைப் பாட்டு வகுப்பிலிருந்து நிறுத்திவிடாதீர்கள், பெற்றோர்களே.

வீட்டுச் சாதகம், அதாவது வீட்டில் பாடிப் பழகுவது பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். காலையில் கால் மணி நேரம் போதும். செல்போனில் வருகிற சுருதிப் பெட்டியே ஆகும். கட்டையை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாத்தியாரிடம் கேட்டு வையுங்கள். வணக்கம்.