எத்தனை மில்லி கொடுக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். பெரம்பூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். ராத்திரி கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் போனில் கேள்விகள் வந்தபடி இருக்கும். போன வாரம் பதினொன்றரை மணிக்கு ஒன்று வந்தது: “டாக்டர், பாப்பாவுக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் எத்தனை மில்லி கொடுக்கலாம்?”

எடை எவ்வளவு என்று கேட்டேன். 10 கிலோ என்றார் அந்த அம்மா. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. சரி, அவர் கையில் இருப்பது எந்த பாட்டில்? 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. சொட்டு மருந்து என்றால் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் என்று நினைத்து நான் 5 மில்லி என்று சொல்லி, வீட்டில் இருப்பது சொட்டு மருந்தாக இருந்தால்? குழந்தைக்குள் 500 மில்லிகிராம் போய்விடும்.

லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சொட்டு மருந்தேதான். அப்புறம்தான் இன்னொன்றும் தெரிந்தது: ஒன்பது மணிக்கே பாட்டி ஒரு தடவை கொடுத்திருக்கிறார். நல்லவேளை, 1 மில்லிதான். ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் மறுபடி கொடுக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள் என்றேன்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனலாகக் கொதிக்கிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு யாருக்கு எடையும் லேபிளும் ஞாபகம் வரும்? எதைச் சொன்னால் எங்களுக்கு உதவும் என்பதை டாக்டர்கள் நாங்களும் நிதானமாகச் சொல்லித் தந்ததில்லை.

“அப்பாவுக்கு சுகர் 180, பயப்படணுமா?” என்று கேட்பார்கள். மாத்திரை எடுப்பவருக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180 என்றால் பெரும்பாலும் பதற ஒன்றுமில்லை. காலையில் வெறும் வயிற்றில் 180 என்றால் மருந்தை மறுபடி பார்க்க வேண்டும்.

மழைக்காலம் வந்தால் எனக்குக் கவலை தருகிற கேள்வி வேறு. “மூணு நாள் காய்ச்சல் இன்னைக்கு விட்டுடுச்சு, ஸ்கூலுக்கு அனுப்பலாமா?” டெங்குவாக இருந்தால், காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டிய நேரம். வயிறு வலிக்கிறதா, விடாமல் வாந்தி வருகிறதா, ஈறில் ரத்தம் கசிகிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனான்? இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உடம்புவலிக்கு என்று புரூஃபென் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.

நெஞ்சை அடைக்கிறது, வியர்க்கிறது என்றால் யாரிடமும் கேள்வியே வேண்டாம், 108. மற்ற சந்தேகங்களுக்கு ராத்திரியிலும் 104 மருத்துவ ஆலோசனை எண்ணைக் கூப்பிடலாம்.

இப்போதெல்லாம் என் மருந்துச் சீட்டில் குழந்தையின் எடையைப் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். மருந்து கொடுத்த நேரத்தையும் அளவையும் டப்பா மேலேயே பேனாவால் குறிக்கச் சொல்கிறேன், கொடுத்தது அம்மாவானாலும் பாட்டியானாலும். வணக்கம்.