முட்டை ஓட்டு நிறமும் குஞ்சு பொரிப்பும்: டார்ச் எடுபடாத முட்டைக்குத் தராசு

வணக்கம் மக்களே! கையில ரெண்டு ஓடு இருக்கு, கேமரா கிட்ட காட்டுறேன். இது பழுப்பு முட்டை ஓடு. உள்பக்கம் பாருங்க, வெள்ளை. இது நீல முட்டை. உள்ளயும் நீலம்தான்.

காரணம் இதுதான். எல்லா ஓடும் கால்சியம் கார்பனேட், அதோட நிறம் வெள்ளை. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். நீலத்துக்கான பிலிவெர்டின் ஓடு வளர வளரக் கூடவே கலந்துடும். பழுப்புக்கான புரோட்டோபார்ஃபிரின் பெரும்பாலும் கடைசி சில மணி நேரத்துல மேல பூச்சா ஏறும். நீல ஓட்டு மேல பழுப்பு ஏறினா பச்சை, கரும்பழுப்பு ஏறினா ஆலிவ். அவ்வளவுதான் ரகசியம்.

தீவனத்தை மாத்தினா ஓட்டு நிறம் மாறும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. தீவனத்தால மாறுறது மஞ்சள் கரு. ஆனா பழுப்பு முட்டை திடீர்னு வெளுத்துச்சுன்னா கவனிங்க. வயசு, வெயில், பயம், மூச்சுக்குழல் நோய் எதுவும் காரணமா இருக்கலாம். ரத்தக்கழிச்சலுக்குக் குடுக்குற நிகார்பசின் தீவனத்துல கலந்திருந்தாலும் வெளுக்கும். காது மடல் வெள்ளைன்னா முட்டையும் வெள்ளைங்கிற கணக்கு லெகார்ன் கோழிக்குச் சரி. அரௌகானா கோழி கிட்ட செல்லாது: சிவப்பு மடல், நீல முட்டை!

அடுத்து சேவல். அது முட்டை போடாது, ஆனா நிற மரபணுவுல பாதி அது குடுக்குறதுதான். நீலம் ஓங்கு பண்பு, அதாவது ஒரு நீல மரபணு இருந்தாலே வெளிய தெரியும். சேவல் கிட்ட ஒரே ஒரு நீல மரபணு இருந்து, பெட்டை பழுப்பு முட்டை வகைன்னா, பொரியுற பெட்டைக் குஞ்சுல சுமார் பாதிதான் நீலமோ பச்சையோ போடும். சேவல் கிட்ட ரெண்டு இருந்தா எல்லாமே போடும். ஆலிவ் வேணும்னா நீல முட்டை வகையான அமெரௌகானா சேவலோட, கரும்பழுப்பு முட்டை போடுற மாரன்ஸ் பெட்டையைச் சேருங்க.

சரி, அடை வைக்கிறதுக்கு வருவோம். முட்டை 7 நாளைக்கு மேல பழசாக வேண்டாம். அதுவரைக்கும் 15லருந்து 18 டிகிரி இருக்குற இடத்துல, கூர்முனை கீழ இருக்குற மாதிரி வைங்க. இன்குபேட்டர்ல ஃபேன் இருந்தா 37.5 டிகிரி. ஃபேன் இல்லன்னா முட்டையோட மேல்மட்டத்துல அளந்து 38.5 கிட்ட. ஈரப்பதம் 45லருந்து 50 சதவீதம். 18ஆம் நாள் வரைக்கும் ஒரு நாளைக்குக் குறைஞ்சது மூணு தடவை திருப்பணும்.

வெள்ளை முட்டைன்னா 7ஆம் நாள் டார்ச் அடிச்சாலே ரத்தநாளம் சிலந்தி மாதிரி தெரியும். மாரன்ஸ் முட்டையில வெறும் இருட்டுதான். பத்து நாளைக்கு மேல, இருட்டு அறையில, பருத்த முனையில டார்ச்சை ஒட்டிவெச்சுப் பாருங்க. அதுலயும் தெளிவில்லன்னா, ஈரப்பதம் சரியா இருக்கான்னு பார்க்கவாவது தராசுதான் நல்ல வழி. 18 நாள்ல முட்டை எடையில 12, 13 சதவீதம் குறையணும். 12 முட்டை சேர்ந்து 720 கிராம்னா, 7ஆம் நாள் சுமார் 685, 18ஆம் நாள் சுமார் 630. குறையவே இல்லன்னா ஈரம் அதிகம், காற்றறை சின்னதாகி குஞ்சு உள்ளயே மூழ்கிடும். அப்போ இன்குபேட்டர்ல இருக்குற தண்ணிய எடுத்துடுங்க. வேகமா குறைஞ்சா தண்ணி ஊத்துங்க. நடுவுல கெட்ட முட்டையை எடுத்தா, மிச்சத்தோட ஆரம்ப எடையில இருந்து கணக்கை மறுபடி போடணும். அதனால முதல் நாளே ஒவ்வொரு முட்டை மேலயும் பென்சில்ல எடையை எழுதி வைங்க. ஒண்ணு சொல்லணும், கருவே இல்லாத முட்டையும் இதே மாதிரிதான் எடை குறையும். தராசு ஈரப்பதத்தைத்தான் சொல்லும், உயிர் இருக்கான்னு சொல்லாது. அழுகின நாத்தம் வந்தா தயங்காம எடுத்துடுங்க, வெடிச்சா பக்கத்து முட்டையும் போச்சு.

18ஆம் நாள் திருப்புறதை நிறுத்திட்டு ஈரத்தை 65லருந்து 70க்கு ஏத்துங்க. மூடியைத் திறக்காதீங்க. திறந்தா ஈரம் இறங்கி, சவ்வு காய்ஞ்சு குஞ்சைச் சுத்தி ஒட்டிக்கும். குஞ்சு ஓட்டுல முதல் துளை போட்டதுக்கு அப்புறம் வெளிய வர 24 மணி நேரம் கூட ஆகலாம், கை வைக்காதீங்க.

நிறத்துக்காக வளர்க்குறவங்க இதையும் செய்யுங்க. 18ஆம் நாளே ஒவ்வொரு நிற முட்டையையும் தனித்தனித் தடுப்புல வைங்க. காய்ஞ்சு வெளிய எடுக்கும்போதே கால்ல கலர் வளையம் போட்டுடுங்க. நீல முட்டைக் குஞ்சு நீலம் போடும்னு உறுதி கிடையாது. ஓடு சொல்றது தாயோட மரபணுவை மட்டும்தான். தகப்பன் எந்தச் சேவல்னு நோட்ல எழுதி வெச்சிருந்தாத்தான் மீதிப் பாதி தெரியும்.